சத்தம் வேற... குரல் வேற!

காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடையை ஒரு நிமிஷம் மனசுக்குள்ள கொண்டு வாங்க. வரவேற்புரை ஆரம்பிக்குது. கடைசி வரிசையில் இருந்து "கேக்கலை... கேக்கலை..."ன்னு குரல். மைக் செட் அண்ணன் உடனே என்ன செய்வார்? ஆம்ப்ளிஃபயர் குமிழை வலது பக்கமா ஒரு திருகு. சத்தம் ஏறும். குழாய் ஸ்பீக்கர் கரகரன்னு இருமும். இப்போ நல்லாவே கேக்குது. ஆனா பேசினவர் 'மாண்புமிகு'ன்னு சொன்னாரா, 'மாவட்ட'ன்னு சொன்னாரா? யாருக்கும் தெரியாது. சும்மா கை தட்டிட்டு அடுத்த டான்ஸுக்குக் காத்திருப்போம்.

கேட்கிறது ஒண்ணு, புரியறது ஒண்ணு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை நான் முழுசாப் பார்த்தது அமெரிக்காவில், நெப்ராஸ்கா மாநிலத்தில். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வீட்டு மேஜை மேல இருந்த ஒரு பழைய பெட்டியில். அதுக்குப் பேர் சி.பி. ரேடியோ. அந்தப் பெட்டியோட கதையைத்தான் இப்போ சொல்லப் போறேன். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். ஓடிடாதீங்க ஃப்ரெண்ட்ஸ், ப்ளஸ் டூ கணக்குதான்!

நாலு வாட் ராஜ்ஜியம்

சி.பி.ன்னா சிட்டிசன்ஸ் பேண்ட். சாதாரண ஜனங்க தங்களுக்குள்ள பேசிக்கிறதுக்காகவே ஒதுக்கின அலைவரிசை. அமெரிக்காவில் 1958-ல் 27 மெகா ஹெர்ட்ஸ் பக்கத்துல 23 சேனல்களோடு ஆரம்பிச்சது. 1977 ஜனவரியில் அது 40 சேனல் ஆச்சு.

நடுவுல 1973-ல் எண்ணெய் நெருக்கடி. டீசலுக்குத் திண்டாட்டம். 1974-ல் நாடு முழுக்க மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம்னு சட்டம் வேற. எந்த பங்க்ல டீசல் இருக்கு, எந்தத் திருப்பத்துல போலீஸ் நிக்குதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க லாரி டிரைவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. கப்புன்னு சி.பி.யைப் பிடிச்சுக்கிட்டாங்க. 1977-ல் வந்த 'ஸ்மோக்கி அண்ட் தி பேண்டிட்' படத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், ஸ்டீயரிங் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அந்த மைக். ஆரம்பத்துல இதுக்கு லைசென்ஸ் வேணும். 1983-ல் அதையும் எடுத்துட்டாங்க. 9-ஆம் சேனல் அவசர உதவிக்கு. 19-ஆம் சேனல் லாரிக்காரங்களோட அரட்டை மேடை.

மாதக் கட்டணம் கிடையாது, சிம் கார்டு கிடையாது, டவர் கிடையாது. ஆனா ஒரு முக்கியமான கண்டிஷன் உண்டு. ஏ.எம். முறையில் பேசினா செட் வெளியே அனுப்புற சக்தி 4 வாட்டைத் தாண்டக் கூடாது. உங்க ஹாஸ்டல் ரூம்ல எரியற எல்.இ.டி. பல்பு 9 வாட் இருக்குமா? அதுல பாதி கூட இல்லை!

லாரியில், கார்ல பொருத்தறது மொபைல் செட். வீட்டுல மேஜை மேல வச்சு, கூரையில ஆன்டெனா நட்டுப் பேசறது பேஸ் செட். நம்ம கதாநாயகன் இந்த ரெண்டாவது ரகம்.

'மெட்ராஸ்' வந்தாச்சு!

2009 ஆகஸ்ட்ல எம்.எஸ். படிக்க லிங்கன் நகரத்துக்குப் போனேன். வாடகை குறைவா இருக்கேன்னு ஊருக்கு மேற்கே ஒரு வீட்டு மாடி ரூமைப் பிடிச்சேன். கொஞ்ச தூரத்துல ஐ-80 நெடுஞ்சாலை. சான் பிரான்சிஸ்கோவுல இருந்து நியூ ஜெர்ஸி வரைக்கும் நாட்டையே குறுக்கே வெட்டிக்கிட்டுப் போற ரோடு அது. ராத்திரி பகல் பார்க்காம லாரிகள் ஓடிக்கிட்டே இருக்கும்.

வீட்டுக்காரருக்கு எழுபது வயசு தாண்டியிருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல அதே ரோட்டுல லாரி ஓட்டினவர். மனைவி காலமாகி, பிள்ளைகள் வேற வேற மாநிலத்துல. நான் மரியாதையா 'சார்'னு கூப்பிட்டா, "நான் என்ன வாத்தியாரா?"ன்னு சிரிப்பார். என்னை அவர் கூப்பிடறது 'கிட்'. நம்ம ஊர் 'தம்பி' மாதிரி வச்சுக்கங்களேன். நான் இங்கே அவரைத் தாத்தான்னே சொல்றேன்.

சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா தாத்தா காபி கோப்பையோட செட் முன்னாடி உட்கார்ந்துடுவார். வழியில போற டிரைவர்களுக்கு, எங்கே பனி உறைஞ்சிருக்கு, எடை போடற செக்போஸ்ட் திறந்திருக்கா, ராத்திரி வண்டியை நிறுத்த எங்கே இடம் கிடைக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பார். அவங்களும் பதிலுக்குக் கதை சொல்வாங்க. சி.பி.யில் யாரும் சொந்தப் பேர் சொல்றதில்லை, ஆளுக்கொரு பட்டப் பேர். விருதுநகர்க்காரனான எனக்கு 'மெட்ராஸ்'னு பேர் வச்சுட்டார். அவருக்குத் தெரிஞ்ச ஒரே நம்ம ஊர்ப் பெயர் அதுதான். மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டை வச்சிருந்தாராம்!

சி.பி.யில் நம்பர் பாஷை ஒண்ணு உண்டு. '10-4'ன்னா புரிஞ்சது. '10-9'ன்னா திரும்பச் சொல்லுங்க. ஒரு சாயங்காலத்துல தாத்தா நூறு '10-4' வாங்குவார்.

அக்டோபர்ல அவருக்குத் தொண்டையில ஆபரேஷன். உயிருக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா குரல் போச்சு. முழுசா இல்லை, கிசுகிசுன்னு காத்துக் கலந்த குரல் மட்டும் மிச்சம். பழையபடி செட் முன்னாடி உட்கார்ந்தார். பேசினார். "10-9." திரும்பப் பேசினார். "10-9." மூணாவது தடவை அந்த லாரி ரேஞ்சைத் தாண்டிப் போயிருக்கும்.

ரெண்டு வாரத்துல அவர் மைக்கைத் தொடறதையே விட்டுட்டார். செட் ஓடும், காபி ஆறும், அவர் கேட்டுக்கிட்டு மட்டும் இருப்பார். ஒரு மனுஷன் நடுக்கூடத்துல உட்கார்ந்துக்கிட்டே வீட்டை விட்டுப் போறதை நான் அப்போதான் பார்த்தேன்.

முள் எகிறிச்சு... பேச்சு?

நெடுஞ்சாலை ஓரமா ஒரு ரேடியோ கடை இருந்தது. தாத்தா செட்டைத் தூக்கிக்கிட்டு அங்கே போனார். கடைக்காரர் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சில திருகுகளைத் திருப்பி, 'பீக் பண்ணிட்டேன்'னு கொடுத்தார். கூடவே, குரலைப் பெருக்கி அனுப்பற ஒரு மேஜை மைக்கையும் விற்றார். வீட்டுக்கு வந்து மைக்கை அழுத்தினா, வாட் மீட்டர்ல முள் 9 வாட்டுக்கு எகிறுது! நாலு இருந்த இடத்துல ஒன்பது. தாத்தா முகத்துல சின்னப் பையனோட சிரிப்பு.

அன்னிக்கு ராத்திரி ஒரு டிரைவர் பதில் சொன்னார்: "பேஸ், உங்க சிக்னல் மலை மாதிரி இருக்கு. ஆனா ஒரு வார்த்தை புரியலை."

அடுத்து லீனியர் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போறேன்னு கிளம்பிட்டார். செட்டுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல மாட்டி, சக்தியை நூறு வாட், இருநூறு வாட்டுன்னு ஏத்தற பெட்டி. சி.பி.யில் அதை மாட்டறது அமெரிக்காவுல சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்க, அது அவரோட பிரச்சினையைத் தீர்க்குமா?

இங்கதான் நம்ம கணக்கு வருது. ரிசீவர்ல சிக்னல் அளவு காட்டற முள்ளுக்கு 'எஸ் மீட்டர்'னு பேர். அதுல ஒரு படி ஏறணும்னா சக்தி நாலு மடங்கு ஆகணும். 4 வாட்டை 16 ஆக்கினா ஒரு படி. 64 ஆக்கினா ரெண்டு படி. நூறு வாட்டுக்குக் காசைக் கொட்டினாலும் ரெண்டு படியைத் தாண்டிக் கொஞ்சம்தான். இன்னொரு கூத்தும் இருக்கு. நீங்க நூறு வாட்ல கத்தினா தூரத்துல இருக்கிறவருக்குக் கேட்கும். அவர் 4 வாட்ல சொல்ற பதில் உங்களுக்குக் கேட்குமா? காது அதே காதுதானே!

பஸ் பெருசு... பயணி எங்கே?

சரி, 9 வாட் ஆனப்புறமும் ஏன் புரியலை? ஏ.எம். எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்தா விடை கிடைச்சுடும்.

மைக்கை அழுத்திட்டு நீங்க ஒரு வார்த்தை கூடப் பேசலைன்னாலும் செட் ஓர் அலையை அனுப்பிக்கிட்டே இருக்கும். அதுதான் கேரியர். பாடப் புத்தகத்துல 'ஊர்தி அலை'ன்னு அழகா மொழிபெயர்த்திருப்பாங்க. அதை டவுன் பஸ்னு வச்சுக்கங்க. உங்க குரல்தான் பயணி. வாட் மீட்டர் முள் காட்டறது பஸ்ஸோட எடையை. உள்ளே ஆள் இருக்காங்களான்னு அது சொல்லாது.

நீங்க பேசும்போது குரலுக்குத் தகுந்த மாதிரி அந்த அலையோட உயரம் ஏறி இறங்கும். இதுதான் மாடுலேஷன், பண்பேற்றம். 4 வாட் கேரியரை முழுசா, அதாவது 100 சதவீதம் மாடுலேட் பண்ணினா, உச்சியில் அலை ரெண்டு மடங்கு உயரம் போகும். உயரம் ரெண்டு மடங்குன்னா சக்தி நாலு மடங்கு. ஆக, உச்சத்துல 16 வாட். தாத்தாவோட செட்ல இருந்த கடைசி டிரான்சிஸ்டரால தர முடிஞ்ச உச்சமும் கிட்டத்தட்ட அதுதான். அதுக்கு மேல தலைகீழா நின்னாலும் வராது.

ஒரு வீடு இருக்கு. கூரை உயரம் மாறாது. நடுக்கூடத்துல நின்னு குதிச்சு விளையாடறீங்க. இப்போ யாரோ தரையை மட்டும் ரெண்டடி உசத்திட்டாங்க. என்ன ஆகும்? குதிச்சா தலை கூரையில இடிக்கும். கடைக்காரர் பண்ணினது இதைத்தான். கேரியர்ங்கற தரையை 9 வாட்டுக்கு உசத்திட்டார். கூரை அதே 16 வாட். குரல் குதிக்க இடம் எங்கே?

பேப்பர்ல போட்டுப் பார்த்தேன். 16-ஐ 9-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தா 1.33. அதாவது, சிதையாம மாடுலேட் பண்ண முடிஞ்சது 33 சதவீதம்தான். 4 வாட் கேரியரை 100 சதவீதம் மாடுலேட் பண்ணினா, ஒரு சீரான ஒலிக்கு, குரலைச் சுமக்கிற பக்க அலைகளுக்குக் கிடைக்கிறது 2 வாட். 9 வாட் கேரியரை 33 சதவீதம் மாடுலேட் பண்ணினா கிடைக்கிறது வெறும் அரை வாட். மீட்டர்ல சக்தி ரெண்டு மடங்குக்கு மேல. சுத்தமான குரல் நாலுல ஒரு பங்கு!

அந்த மேஜை மைக் வேற குரலை இன்னும் தள்ளிக்கிட்டே இருந்தது. அலையோட உச்சியெல்லாம் கூரையில இடிச்சுத் தட்டையாச்சு. தட்டையான உச்சிதான் நமக்குக் காதுல 'கரகர'. அந்தக் கரகரப்பு பக்கத்துச் சேனல்கள்லயும் போய் வழியும். இதைத் தடுக்கிறதுக்காகவே செட்டுக்குள்ள ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கும். கடைக்காரர் அதையும் கழட்டி விட்டிருந்தார்.

இதைப் பேப்பர்ல வரைஞ்சு தாத்தாகிட்ட காட்டினேன். தரை, கூரை, குதிக்கிற மனுஷன். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அந்தக் காத்துக் குரல்ல சொன்னார்: "என் குரலே ஒரு அடிதான் குதிக்குது. அதுக்கும் இடம் விடலை அவன்."

கூரையில் ஆரம்பிச்சோம்

பவர் சரி பண்றதுன்னா எல்லாரும் செட்டைத்தான் திறப்பாங்க. நாங்க முதல்ல மேலே ஏறினோம். அனுப்பற 4 வாட் ஆன்டெனா வரைக்கும் போய்ச் சேருதான்னு பார்க்கணுமே!

அதுக்கு எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர்னு ஒண்ணு. ஆன்டெனாவுக்குப் போற சக்தியில எவ்வளவு திரும்பி வருதுன்னு சொல்லும். 1.5 இருந்தா 4 சதவீதம்தான் திரும்புது, கவலை இல்லை. 2 இருந்தா 11 சதவீதம். 3 இருந்தா 25 சதவீதம், நாலுல ஒரு பங்கு திரும்பி வந்து செட்டோட தலையிலேயே விழும். 1, 20, 40-ன்னு மூணு சேனல்ல அளக்கணும். 1-ல் அதிகமா இருந்தா ஆன்டெனா நீளம் குறைவு. 40-ல் அதிகமா இருந்தா நீளம் ஜாஸ்தி. மூணுலயும் அதிகமா இருந்தா வேற எங்கேயோ கோளாறு.

எங்களுக்கு மூணுலயும் 3-ஐத் தொட்டது. என் வகுப்புத் தோழன் ஒரு தெலுங்குப் பையன், அவனும் நானும் ஏணி போட்டு ஏறினோம். (மின்கம்பி பக்கத்துல இருந்தா ஆன்டெனா குழாயைக் கையாலயும் தொடாதீங்க. குழாய் சாய்ஞ்சு கம்பியில பட்டுச்சுன்னா அடுத்த வாய்ப்பே கிடையாது. அங்கே அக்கம்பக்கத்துல கம்பி இல்லைன்னு பார்த்த பிறகுதான் ஏறினோம்.) மேல் கனெக்டரைக் கழட்டினா உள்ளே தண்ணி. பச்சை பிடிச்ச செம்பு. கேபிளும் மெல்லிசு ரகம். நூறடி நீளத்துக்கு அந்த ரகத்தைப் போட்டா, 27 மெகா ஹெர்ட்ஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல வழியிலேயே சூடாப் போயிடும். தடிமனான கேபிள் வாங்கி, கனெக்டரை நல்லா சால்டர் பண்ணி, மேலே தண்ணி புகாத டேப் சுத்தினோம். எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-க்கு இறங்கிச்சு. செட்டைத் தொடாமலேயே வெளியே போற சக்தி ஏறியாச்சு!

செட்டுக்குள்ள கை வைக்கிறது எங்க வேலை இல்லை. தெரியாம திருகினா விதியையும் மீறுவோம், செட்டையும் கெடுப்போம். போலீஸ், தீயணைப்பு ரேடியோக்களை வருஷக் கணக்கா பழுது பார்த்து ஓய்வுபெற்ற ஒரு டெக்னீஷியனை விசாரிச்சுக் கண்டுபிடிச்சோம். அவர் ஆன்டெனாவைக் கழட்டிட்டு 50 ஓம் டம்மி லோடு ஒண்ணை மாட்டினார். சக்தி காத்துல போகாம அதுலேயே சூடாகித் தீர்ந்துடும், பரிசோதனையால யாருக்கும் தொந்தரவு இல்லை. கேரியரை 4 வாட்டுக்குச் சற்றுக் கீழே இறக்கினார். கழட்டி விட்ட கட்டுப்பாட்டை மறுபடி சேர்த்தார். ஆஸிலோஸ்கோப் திரையில் அலையைக் காட்டினார். முதல்ல பார்த்தப்போ கலசத்தை வெட்டி எடுத்த கோபுரம் மாதிரி மொட்டையா இருந்த உச்சிகள், இப்போ உருண்டு திரண்டு முழுசா நின்னுச்சு.

மீட்டர்ல முள் 9-ல இருந்து 4-க்குக் கீழே வந்ததைப் பார்க்க தாத்தாவுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது. ஆம்பளைங்களுக்கு பைக் சைலன்ஸரைக் கழட்டினா ஒரு பெருமை வருமே, அந்த ரகப் பெருமை அது. சொல்லிப் புரிய வைக்க முடியாது. காதாலதான் கேட்கணும்.

இது என் குரலா?

மிச்சம் இருந்தது மைக். இதுல காசு செலவே இல்லை, பொறுமைதான் வேணும்.

தாத்தா மைக்கை ஓரடி தள்ளி வச்சு, கெயினை முழுசா ஏத்திப் பேசிக்கிட்டிருந்தார். மைக்குக்கு எது குரல், எது ஹீட்டர் சத்தம்னு தெரியுமா? ரெண்டையும் சேர்த்துப் பெருக்கும். அவர் மூச்சு வாங்க நிறுத்தினா ஹீட்டரோட 'ம்ம்ம்' மேலே வந்து உட்கார்ந்துக்கும். தூரத்தைக் குறைச்சோம். வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல மூணு விரல் இடைவெளி. நேருக்கு நேர் ஊதாம, மைக்கைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சு, அதுக்குக் குறுக்கே பேசச் சொன்னோம். ஆபரேஷனுக்குப் பிறகு 'ப', 'ஃப' சத்தம் வந்தாலே காத்து புஸ்ஸுன்னு மைக்கில் மோதும், அது நின்னுச்சு. கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கினோம். நான் கதவைச் சாத்தி, ஹீட்டர் பக்கம் இருந்த மேஜையை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன்.

இப்போ பரீட்சை. தாத்தாவோட பழைய பிக்கப் வண்டியில ஒரு மொபைல் செட் இருந்தது. நான் அதை மூணு மைல் தள்ளி நிறுத்திட்டு, சின்ன டிஜிட்டல் ரெக்கார்டரை ஸ்பீக்கர்கிட்ட பிடிச்சுக்கிட்டேன். அவர் வீட்டுல இருந்து மைல்கல் எண்கள், ஊர்ப் பேர்கள்னு ஒரு பட்டியல் படிச்சார். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மாத்தினோம். கெயின் ஒரு படி மேலே, ஒரு படி கீழே. மைக் ரெண்டு விரல், நாலு விரல். ரெண்டு மூணை ஒரே நேரத்துல மாத்தினா எதனால நல்லாச்சுன்னு தெரியாமப் போயிடும். உங்க ப்ராஜெக்ட்டுக்கும் இது பொருந்தும் பாஸ்!

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் போட்டுக் காட்டினேன். தாத்தா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டார். ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் தன் குரலை வெளியில இருந்து கேட்டது அதுதான் முதல் தடவை.

"இது என் குரலா?"

நான் என்ன சொல்றதுன்னு தெரியாம நின்னேன்.

"மோசமா இருக்கு..." கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஆனா ஒரு வார்த்தை விடாமப் புரியுது"ன்னார்.

அந்தக் குரலுக்குத் தகுந்த மாதிரி அவரே பேச்சை மாத்திக்கிட்டார். நீளமான வாக்கியத்தை வெட்டினார். எண்களை ஒவ்வொரு இலக்கமா சொன்னார். முக்கியமானதை ரெண்டு தடவை சொன்னார். மைக்கை அழுத்தினதும் அரை நொடி பொறுத்துத்தான் பேச ஆரம்பிச்சார், முதல் வார்த்தை வெட்டுப்படாம இருக்க. ஆறு மணிக் காபி மறுபடி ஆரம்பமாச்சு.

மூணு... எட்டு... எட்டு...

2010 ஜனவரியில் ஒரு ராத்திரி. பனிக்காத்து ரோட்டை மறைக்குது. லிங்கனுக்கு மேற்கே 388-ஆம் மைல் பக்கம், மேற்கே போற பாதையில் ஒரு லாரி சறுக்கி, பெட்டி குறுக்கே திரும்பி நின்னுடுச்சு. அந்த டிரைவரோட குரல் விட்டு விட்டு 19-ஆம் சேனல்ல வந்தது. தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் 911-க்குப் போன் பண்ணினேன். அங்கே தகவல் ஏற்கெனவே போயிருந்தது. ஆனா போலீஸ் வண்டி அந்தப் பனியில போய்ச் சேரணும். அதுவரைக்கும் நகரத்தைத் தாண்டி மேற்கே போயிக்கிட்டிருக்கிற லாரிகளுக்கு யார் சொல்றது? அவங்க எங்க வீட்டைத் தாண்டித்தான் போகணும்.

தாத்தா மைக்கை எடுத்தார். மூணு விரல் இடைவெளி. அரை நொடி.

"மேற்கே போறவங்க. மெதுவாப் போங்க. மூணு, எட்டு, எட்டு. ரோடு அடைச்சிருக்கு. மூணு, எட்டு, எட்டு."

"10-4 பேஸ். மூணு எட்டு எட்டு. வேகத்தைக் குறைச்சுட்டேன்."

அடுத்த லாரி. அடுத்த "10-4". முக்கால் மணி நேரம் விடாம அதையே சொல்லிக்கிட்டிருந்தார். நான் பக்கத்துல உட்கார்ந்து எண்ணினேன், பதினொரு லாரி. ஒருத்தர்கூட '10-9' கேட்கலை. கடைசியில் அவர் குரல் சுத்தமாக் கட்டிப்போய், மைக்கை என் கையில் கொடுத்தார். மிச்சத்தை மெட்ராஸ் சொன்னான். அந்த இடத்துல அன்னிக்கு இன்னொரு வண்டி மோதலை.

அதே ராத்திரி 9 வாட், மலை மாதிரி சிக்னல், கரகரப்புன்னு இருந்திருந்தா? பதினொரு பேருக்கும் யாரோ என்னமோ கத்தறாங்கன்னு கேட்டிருக்கும். 'மூணு எட்டு எட்டு' கேட்டிருக்காது.

நம்ம ஊர்ல?

சி.பி. அமெரிக்காவுல இன்னும் உயிரோடதான் இருக்கு. 2021-ல் எஃப்.எம். முறையிலும் பேசலாம்னு அனுமதி கொடுத்தாங்க. நம்ம நாட்டுலயும் 26.957-ல இருந்து 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரைக்கும், 5 வாட்டுக்குள்ள, உரிமம் தேவைப்படாத ஒரு பகுதி உண்டு. ஆனா கருவியை வாங்கிட்டு மொட்டை மாடியில ஆன்டெனா நடறதுக்கு முன்னாடி விதியை முழுசாப் படிச்சுடுங்க.

நிஜமாவே ஆசை இருக்கிறவங்களுக்கு நல்ல வழி அமெச்சூர் ரேடியோ, அதான் 'ஹாம்'. மத்திய அரசோட தொலைத்தொடர்புத் துறை நடத்தற தேர்வை எழுதித் தேறணும். கல்லூரி மாணவர்கள் தாராளமா எழுதலாம். பாடம் பெரும்பாலும் நீங்க படிக்கிற அடிப்படை எலெக்ட்ரானிக்ஸ்தான். உங்க காலேஜ் ஈ.சி.ஈ. லேப்ல ஓர் ஆஸிலோஸ்கோப் தூசி படிஞ்சு கிடக்குமே, அதுல ஒரு தடவை உங்க குரலைக் கொடுத்து, கெயினை ஏத்தி, உச்சி எப்போ மொட்டையாகுதுன்னு பாருங்க. மாடுலேஷன் பாடத்தை அப்புறம் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீங்க.

ரேடியோ பக்கமே போகாதவங்களுக்கும் தாத்தாகிட்ட இருந்து ஒரு விஷயம் இருக்கு. குரூப் டிஸ்கஷன்ல, செமினார்ல, வைவாவுல பேசி முடிச்சதும் நாம என்ன கேட்போம்? "கேட்டுச்சா? புரிஞ்சுதா?" எதிர்ல இருக்கிறவர் தலையை ஆட்டிடுவார். அதுல ஒண்ணும் தெரியாது. செட்டைச் சரி பண்ணின நாள்ல இருந்து தாத்தா அந்தக் கேள்வியை விட்டுட்டார். புது டிரைவர் யாராவது கிடைச்சா, சேதியைச் சொல்லிட்டு இப்படித்தான் கேட்பார்:

"நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குக் கேட்டுச்சு? சொல்லுங்க பார்ப்போம்."